ஒட்டிலிக்கு முதல் நெருப்பு

1887 அக்டோபர் 9, ஞாயிறு

இன்று மழை. எல்லாக் கணப்புகளிலும் சாம்பல் வாரினேன். இரவுக்கு முட்டைகோஸும் தொத்திறைச்சியும்.

மேலே இருப்பதை நானே எழுதினேன். எழுதிவிட்டுச் சன்னல் வழியே பார்த்தேன். தாளிலும் மழை, வெளியிலும் மழை. எழுபத்தொரு வயதில் ஒரு மனிதனுக்கு இதைவிட என்ன வேண்டும்.

என் பெயர் பால்தசார் ஃபின்க். எர்லன்பெர்க் அரண்மனையில் கணப்புக்காரன். போன வருடம்வரை பெயர் போட வேண்டிய இடத்தில் ஒரு சிலுவைக்குறி போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது பெயர் போடுகிறேன். கேட்காத இடத்திலும் போடுகிறேன்.

கை வலிக்கிறது. போதும்.

அக்டோபர் 16

சின்னய்யா திரும்பி வந்துவிட்டார். நுரையீரலுக்குக் கடற்காற்று நல்லது என்று வைத்தியர்கள் தெற்கே அனுப்பியிருந்தார்கள். போனபோது இருந்ததைவிட இளைத்து வந்திருக்கிறார். முப்பது வயதுக்காரர் வண்டியிலிருந்து இறங்க இருவர் கை கொடுக்க வேண்டியிருந்தது.

மன்னரை நாங்கள் பெரியய்யா என்போம். இளவரசர் எகோனைச் சின்னய்யா. பெரியய்யா மகனை வரவேற்க வாசலுக்கு வரவில்லை. மாடிச் சன்னலில் திரை அசைந்தது. அவ்வளவுதான்.

அக்டோபர் 18

எல்லோருக்கும் தெரிந்ததைத்தான் இன்று எழுதப்போகிறேன். தெரிந்ததை எழுதிப் பார்ப்பதில் ஒரு தனிச் சுகம்.

எங்கள் கணப்புகளுக்கு வாய் அறைக்குள் இல்லை. அறைக்குள் பச்சை ஓடு பதித்த உடம்பு மட்டும் உயரமாக நிற்கும். விறகு போடும் வாய் பின்பக்கம், இரண்டு சுவர்களுக்கு நடுவே ஓடும் ஒடுங்கிய வழியில் இருக்கிறது. அதைக் கரிச்சந்து என்போம். கணப்புக்காரன் அந்த வழியாக வந்து அந்த வழியாகவே போவான். அறையில் இருப்பவர்கள் மேல் கரி படாது, எங்கள் முகமும் அவர்கள் கண்ணில் படாது. ஆனால் வெப்பக்காற்று உள்ளே போக ஓட்டுக்கு மேலே ஒரு துளை உண்டு. அறையில் பேசினால் அது வழியே எங்களுக்குக் கேட்கும். நாங்கள் பேசினால் அவர்களுக்கும் கேட்கும். நாங்கள்தான் பேசுவதில்லை.

சின்னய்யா அந்தத் துளையைக் கண்டுபிடித்தபோது அவருக்கு ஏழு வயது. மகனைச் சிப்பாயாக வளர்க்க வேண்டும் என்று பெரியய்யா பத்து வயதுவரை அவர் அறையில் நெருப்பே மூட்டக்கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார். விடியற்காலையில் முற்றத்தில் பனியில் நிற்க வைப்பார்கள். ஒருநாள் நான் சந்தில் போகும்போது வெறும் கணப்புக்குள்ளிருந்து குரல் வந்தது. "அந்தப் பக்கம் யாராவது இருக்கீங்களா?"

"இருக்கேன், சின்னய்யா" என்றேன். அன்றிலிருந்து பேச்சு.

இன்று காலையும் விறகு போடும்போது கேட்டார். "பால்தசார், நீ எழுதப் படிக்கக் கத்துக்கிட்டியாமே. என் பொண்டாட்டி எழுதியிருந்தா. வகுப்புல நீதான் அதிகமாப் பேசுறியாம்."

"கேள்வி கேக்குறேன், சின்னய்யா. பேசலை."

சிரித்தார். பிறகு நெடுநேரம் இருமினார்.

அக்டோபர் 30, ஞாயிறு

வகுப்புக்குப் போய் வந்தேன். பள்ளிக்கூடத்து வீட்டில் ஞாயிறு மதியம் பெரியவர்களுக்கு வகுப்பு. நடத்துவது டீச்சரம்மா, சின்னய்யாவின் மனைவி தெக்லா.

அவர் பள்ளி ஆசிரியரின் மகள். பெரியய்யா சம்மதிக்கவில்லை. அதனால் இருவரும் போன வருடம் மலைமேல் உள்ள சின்னக் கோவிலில் கல்யாணம் செய்துகொண்டார்கள். அன்றிலிருந்து டீச்சரம்மாவுக்கு அரண்மனை வாசல் கிடையாது. அடிவாரத்தில் அப்பா வீட்டிலேயே இருக்கிறார். மார்ச் மாதம் குழந்தை பிறந்தது. பெயர் ஒட்டிலி. இன்று என் தாடியைப் பிடித்து இழுத்தாள். விடவே இல்லை. வகுப்பு முழுவதும் குனிந்தபடியே எழுதினேன்.

குழந்தை பிறப்பதற்கு முன்பு சின்னய்யா அறைத் தரையில் பாட்டில் உருளும் சத்தம் தினமும் கேட்கும். ஊரில் அவரைப் பற்றி என்னென்னவோ பேசினார்கள். பட்டாளத்தில் சண்டை, சூதாட்டம், அப்பாவின் மந்திரிகளைத் திட்டிப் பத்திரிகையில் எழுதினார் என்று. பாதி உண்மை. இப்போது பாட்டில் சத்தம் இல்லை. அதை யாரும் ஊரில் பேசுவதில்லை.

நவம்பர் 11

புனித மார்ட்டின் நாள். வாத்து வறுவல். எங்களுக்குக் கழுத்தும் சிறகும் வந்தன.

இன்று சின்னய்யா தன் மகளுக்கு முதல் நெருப்பு கேட்டு அப்பாவிடம் ஆள் அனுப்பினார்.

இந்த வீட்டில் ஒரு குழந்தை பிறந்தால், குழந்தை அறைக் கணப்பில் வீட்டின் தலைவர் தன் கையால் முதல் நெருப்பு வைக்க வேண்டும். அப்படி வைத்துவிட்டால் அந்தக் குழந்தை இந்த வீட்டுக் குழந்தை. அதையும் அதன் தாயையும் எவரும் வெளியே அனுப்ப முடியாது. வைக்காவிட்டால் அந்தக் குழந்தை பிறந்ததாகவே கணக்கில்லை. கோவில் ஞானஸ்நானம்கூட இங்கே இரண்டாம் பட்சம்தான்.

பெரியய்யாவின் அறை மூன்று கதவு தள்ளித்தான் இருக்கிறது. இருந்தாலும் அப்பாவும் மகனும் நிர்வாகி திரேஸ்க் மூலமாகத்தான் பேசிக்கொள்வார்கள். திரேஸ்க் போனார், வந்தார். "அப்படி ஒரு குழந்தை இந்த வீட்டில் இல்லை என்று மன்னர் சொல்லச் சொன்னார்."

"சரி. நாளைக்கும் போய்க் கேளுங்க" என்றார் சின்னய்யா. "எங்க அப்பாவுக்கு என்னை மாதிரியே பிடிவாதம். யாருக்கு முதல்ல அலுக்குதுன்னு பார்ப்போம்."

நவம்பர் 27

பனி. கோவில் கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பை நின்று படித்தேன். மில்லர் வீட்டு ஆடு காணவில்லையாம். ஊரிலேயே இதை முதலில் தெரிந்துகொண்டவன் நான். நாலு பேரிடம் சொன்னேன். எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்திருந்தது. பரவாயில்லை.

டிசம்பர் 12

தலைமைச் சமையல்காரி வால்புர்கா நான் எழுதுவதைப் பார்த்துவிட்டாள்.

"யோவ், இந்த வயசுல எழுதிப் படிச்சு எந்த ஊருக்கு மந்திரியாப் போகப்போறே?"

"ஏன், உன் ஊறுகாய் ஜாடியில என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லட்டுமா?"

"அது எனக்கே தெரியும். நான்தானே எழுதினேன்."

வால்புர்காவுக்கு எழுதத் தெரியும் என்பது நாற்பது வருடமாக எனக்குத் தெரியாது. கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

டிசம்பர் 24

சின்னய்யாவால் கட்டிலைவிட்டு இறங்க முடியவில்லை. கிறிஸ்துமஸ். கீழே போய் மகளைப் பார்க்க முடியாது. அவர்கள் மேலே வர முடியாது.

எனக்கு ஒரு யோசனை வந்தது. விறகு வண்டி வரும் பின்வாசலில் காவல் கிடையாது. அங்கிருந்து நேராகக் கரிச்சந்து. குழந்தையைத் தூக்கி வந்து கணப்புக்குப் பின்னால் நின்றால் போதும், துளை வழியே அதன் மழலை கேட்குமே. வால்புர்காவும் ஒத்துக்கொண்டாள். "எவனாவது கேட்டா பூனைன்னு சொல்லிக்கலாம்" என்றாள்.

மதியமே பனியில் இறங்கிப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். டீச்சரம்மா முழுவதையும் கேட்டார். கண் கலங்கியது. ஆனாலும் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார்.

"வேண்டாம், ஃபின்க் ஐயா. என் பொண்ணு இந்த வீட்டுக்குள்ள கரி வழியா வரமாட்டா. முன்வாசல் வழியா வருவா. இல்லேன்னா வரமாட்டா."

மேலே ஏறி வந்து துளை வழியே அப்படியே சொன்னேன். வருத்தப்படுவார் என்று நினைத்தேன். இருமலுக்கு நடுவே அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. "நான் ஏன் இவளைக் கட்டிக்கிட்டேன்னு இப்ப புரியுதா?"

புரிந்தது.

1888 ஜனவரி 22

நல்ல செய்தி. பத்து நாளாகச் சின்னய்யாவுக்குக் காய்ச்சல் இல்லை. இன்று பனிச்சறுக்கு வண்டியில் கீழே போய் வந்தார். மடியில் வைக்கச் சூடுபண்ணிய செங்கல்களைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நானும் போனேன்.

பள்ளிக்கூடத்து வீட்டுக் கணப்புக்கு வாய் அறைக்குள்ளேயே இருக்கிறது. சின்னய்யா அதன் முன்னால் தரையில் உட்கார்ந்து மகளை மடியில் வைத்துக்கொண்டு நெருப்பைக் காட்டினார். "நம்ம வீட்டுல இது சுவருக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கும், குட்டி. வந்து பாரு." அவள் நெருப்பைப் பார்க்கவில்லை. அவர் சட்டைப் பொத்தானைத் தின்பதில் மும்முரமாக இருந்தாள்.

வசந்தம்வரை இப்படியே தாங்கினால் அப்புறம் பயமில்லை என்று வைத்தியர் டீச்சரம்மாவிடம் சொல்லியிருக்கிறார். திரும்பி வரும்போது சின்னய்யா பாடினார். குரல் நன்றாக இல்லை. எனக்குப் பிடித்திருந்தது.

பிப்ரவரி 5

இன்று ஒரு பெரிய காரியம் செய்தேன். கரிச்சந்தில் நின்று துளை வழியே சின்னய்யாவுக்குப் பத்திரிகை படித்துக் காட்டினேன். அவருக்குக் கண் களைத்துப்போகிறதாம்.

"அரசியல் வேண்டாம். வேற ஏதாவது படி" என்றார். சந்தைச் செய்திப் பக்கத்தைப் படித்தேன். பன்றி விலை ஏறியிருக்கிறது. பார்லி இறங்கியிருக்கிறது. ஒரு விதவை நல்ல நிலையில் உள்ள மரக்கட்டில் ஒன்றை விற்கிறாள். ஒவ்வொரு வார்த்தையாகத் தள்ளித் தள்ளிப் படித்தேன். விறகு வெட்டுவதைவிட வியர்த்தது.

"பால்தசார், என் வாழ்நாள்ல பன்னி விலையை இவ்வளவு ஆர்வமா எவனும் படிச்சுக் கேட்டதில்லை."

"இன்னும் படிக்கவா?"

"படி, படி. அந்த விதவை கட்டிலை ஏன் விக்கிறாளாம்?"

அதைப் பத்திரிகையில் போடவில்லை. நாங்கள் இருவரும் காரணம் யோசித்தோம். அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

பிப்ரவரி 19

காய்ச்சல் திரும்பிவிட்டது.

இன்று மதியம் பெரியய்யா மகன் அறைக்கு வந்தார். திரேஸ்க் இல்லாமல், தானாக. நான் சந்தில் சாம்பல் வாரிக்கொண்டிருந்தேன். போயிருக்கலாம். போகவில்லை.

சின்னய்யா சொன்னார்: "ஒரு குச்சி நெருப்பு, அப்பா. வேற எதுவும் கேக்கலை. எனக்கில்லை, அவளுக்கு."

பெரியய்யா: "மன்னர்கிட்ட பேசும்போது எழுந்து நின்னு பேசு."

கட்டில் கிறீச்சிட்டது. எழுந்திருக்கிறார். இருமல். பிறகு ஏதோ விழுந்த சத்தம். பெரியய்யா "வைத்தியர்" என்று கத்திக்கொண்டே வெளியே ஓடினார். அவர் ஓடி நான் கேட்டதே இல்லை.

திரும்ப அவர் அந்த அறைக்கு வரவில்லை. சாயங்காலம் கதவுக்கு வெளியே நின்றுவிட்டுப் போனார் என்று அறைப் பணியாள் சொன்னான்.

எனக்குக் கோபம் வருகிறது. ஏன்யா, ஒரு குச்சி. ஒரே ஒரு குச்சி. அதுல உங்க கிரீடம் எரிஞ்சா போயிடும்?

மார்ச் 1

காலையில் விறகு போடும்போது மெல்லிய குரல்.

"பால்தசார், இன்னிக்கு என்ன எழுதினே?"

"இன்னும் எழுதலை, சின்னய்யா."

"எழுது. இன்னிக்குச் சூடா இருந்துச்சுன்னு எழுது."

இன்று சூடாக இருந்தது.

மார்ச் 2

சின்னய்யா போய்விட்டார்.

மார்ச் 6

அடக்கம் முடிந்தது. மணிகள் அடித்தன. சிப்பாய்கள், கறுப்புக் குதிரைகள். பெரியய்யா பெட்டிக்குப் பின்னால் நேராக நடந்தார்.

டீச்சரம்மாவுக்குக் கோவிலுக்குள் இடம் தரவில்லை. பள்ளிப் பிள்ளைகளோடு தெரு ஓரத்தில் நின்றார், ஒட்டிலி தோளில். பெட்டி கடந்தபோது பிள்ளைகள் எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள். யாரும் சொல்லாமலே. ஒட்டிலிக்கும் தொப்பி இருந்தது. அதை டீச்சரம்மா கழற்றினார்.

மார்ச் 9

என்ன செய்துவிட்டேன் என்று எழுதினால்தான் எனக்கே தெளியும்.

இங்கே ஒருவர் இறந்தால் அவர் அறைக் கணப்பை அணைத்து ஒரு வருடம் குளிர விட்டுவிட வேண்டும். நான் அணைத்தேன். ஆனால் மறுநாள் விடியற்காலையில் கை தானாகப் போய் மூட்டிவிட்டது. பாதி எரிந்த பிறகுதான் தெரிந்தது. எரிகிற நெருப்பை எப்படி அணைப்பது என்று விட்டேன். அதற்கு மறுநாளும் அப்படியே. அப்புறம் மறதி என்று சொல்ல முடியாது.

இன்று காலை அறைக்குள் கைத்தடிச் சத்தம். பெரியய்யா. அடக்கத்துக்குப் பிறகு முதல் முறையாக வருகிறார். நடந்து வந்து கணப்பின் பக்கம் நின்றார். ஓட்டில் உள்ளங்கை பட்ட சத்தம்.

"இதை யார் பத்த வச்சது?"

வெற்று அறையைக் கேட்கிறார். நான் பேசாமல் இருந்திருக்க வேண்டும்.

"நான்தான், பெரியய்யா."

கைத்தடி தரையில் விழுந்தது. பிறகு மெதுவாக, "யாரு? எங்கேருந்து பேசுறே?"

"கணப்புக்காரன், பெரியய்யா. சுவருக்குப் பின்னாடி."

"சுவருக்குப் பின்னாடி ஆள் இருக்கா?"

இந்த வீட்டில் எழுபது வருடம் வாழ்ந்தவர். கணப்புகள் தாமாகவே எரிகின்றன என்று நினைத்திருக்கிறார். அவர் குற்றமில்லை. அப்படி நினைக்கட்டும் என்றுதான் அந்தச் சந்தைக் கட்டியிருக்கிறார்கள்.

"அப்போ என் அறையிலயும் இத்தனை வருஷமா ஒருத்தன் கேட்டுக்கிட்டா இருந்தான்?"

"உங்க அறைக் கணப்பு என் தம்பி மகன் பொறுப்பு. அவனுக்குக் காது மந்தம்."

ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, தொண்டைச் செருமலா, தெரியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என் மகன் உன்கிட்ட பேசுவானா?"

"பேசுவார்."

"எதைப் பத்தி?"

"மழை. பன்னி விலை. குழந்தைக்குப் பல் முளைக்கிறது."

"என்னைப் பத்தி?"

"உங்களைப் பத்திப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்குவார். எனக்குச் சரியாக் கேட்காது."

"பொய் சொல்றே."

"ஆமா, பெரியய்யா."

அதற்கு மேல் கேட்கமாட்டார் என்று நினைத்தேன். விறகு ஒன்று சரிந்தது. அதற்குப் பிறகு கேட்டார்:

"சின்னப் பையனா இருந்தப்போ, இந்த அறையில நெருப்பு வேண்டாம்னு சொல்லியிருந்தேன். அப்போ அவனுக்குக் குளிருச்சா?"

"குளிருச்சு, பெரியய்யா."

எழுந்து போய்விட்டார். கைத்தடியை எடுக்காமல் போனார்.

மார்ச் 10

வால்புர்காவிடம் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதாய்யா உனக்கு? எழுத்து கத்துக்கிட்டதும் வாய் நீண்டுபோச்சு. போ, மூட்டை கட்டு."

மூட்டை கட்டிவிட்டேன். இரண்டு சட்டை, தாடிச் சீப்பு, இந்த நோட்டு. போக எங்கே இடம் என்று தெரியவில்லை. ஆனால் அந்தப் பதிலை மாற்றிச் சொல்லியிருக்கலாமே என்று தோன்றவில்லை.

மார்ச் 13

யாரும் வந்து போகச் சொல்லவில்லை. பெரியய்யா தினமும் காலையில் வருகிறார். உட்காருகிறார். பேசுவதில்லை. நானும் பேசுவதில்லை. அணைக்கச் சொல்லி உத்தரவு வரவில்லை. அதனால் மூட்டுகிறேன்.

மார்ச் 18

இன்று பேசினார்.

"அந்தப் பொண்ணுக்கு எத்தனை பல்லு?"

"கடைசியா நான் பார்த்தப்போ ஆறு. அடுத்த வாரம் ஒரு வயசாகுது."

"நடக்குதா?"

"நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு. விட்டா விழும். அழாது."

"அழாதா?" நாற்காலி முன்னால் நகர்ந்தது. "அழுதா அழட்டும். யாரும் அடக்க வேண்டாம்."

மூட்டையைப் பிரித்துச் சட்டைகளை ஆணியில் மாட்டிவிட்டேன்.

மார்ச் 25, குருத்து ஞாயிறு

ஊரே இதைத்தான் பேசுகிறது. ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். நான் டீச்சரம்மா வாயால் வகுப்பில் கேட்டதை எழுதுகிறேன்.

நேற்று மதியம் பெரியய்யா வண்டி இல்லாமல் நடந்தே பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறார். பிள்ளைகள் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முடியும்வரை வெளியே வேலிப் பக்கம் நின்றாராம். டீச்சரம்மா சன்னல் வழியே பார்த்துவிட்டு, பாடத்தைப் பாதியில் நிறுத்தாமல் முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தாராம்.

"குழந்தையை மேல அனுப்பு. முதல் நெருப்பு வைக்கிறேன்" என்றாராம் பெரியய்யா.

"நான் இல்லாம அனுப்பமாட்டேன்."

"நீயும் வா."

"எந்த வாசல் வழியா?"

பெரியய்யா தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தாராம். பிறகு, "ஒரே வாசல்தான் இருக்கு" என்றாராம்.

மன்னிப்புக் கேட்டாரா என்று வகுப்பில் ஒருத்தி கேட்டாள். டீச்சரம்மா கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே சொன்னார், "அவருக்கு அந்த வார்த்தை தெரியாதுன்னு நினைக்கிறேன். எவ்வளவு வயசானாலும் புதுசா கத்துக்கலாம்." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கூச்சப்படவில்லை.

மார்ச் 30, பெரிய வெள்ளி

வழக்கப்படி அரண்மனையின் எல்லா நெருப்பையும் அணைத்தோம். சின்னய்யா அறைக் கணப்பையும் அணைத்தேன். இந்த முறை தெரிந்து, மெதுவாக. கடைசிக் கங்கு சாம்பலாகும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 31, சனி

நீளமாக எழுதுவேன். மெழுகுவர்த்தியை வால்புர்கா கொடுத்திருக்கிறாள்.

இன்று கோவில் முற்றத்தில் புது நெருப்பு மந்திரிப்பார்கள். எல்லா வீட்டுக்காரர்களும் அதிலிருந்து சட்டியில் கங்கு எடுத்துப் போய்த் தங்கள் அடுப்பை மூட்டுவார்கள். எங்களுக்கு நான்தான் போய் எடுத்து வருவேன். இன்று பெரியய்யாவே சட்டியைத் தூக்கி வந்தார்.

டீச்சரம்மா கறுப்பு உடையில் முன்வாசலில் நுழைந்தார். ஒட்டிலி அவர் இடுப்பில். காவலர்கள் துப்பாக்கியை நிமிர்த்தி மரியாதை செய்தார்கள். ஒட்டிலி அந்தச் சத்தத்துக்குத் திரும்பி ஒருத்தனைப் பார்த்துச் சிரித்தாள். அவனும் சிரித்துவிட்டு உடனே முகத்தை இறுக்கிக்கொண்டான்.

எப்போதும் முதல் நெருப்பு எப்படி என்றால், தலைவர் அறைக்குள் நின்று ஒரு மெழுகுவர்த்தியைத் தொட்டுக் கொடுப்பார். அதைப் பணியாள் வாங்கிச் சந்துக்கு எடுத்து வருவான்; எங்கே கொண்டுபோகிறான் என்று எந்தத் தலைவரும் கேட்டதில்லை. நான் மூட்டுவேன். தலைவர் கை என்று பெயர். சின்னய்யாவுக்கும் அப்படித்தான். அன்று பெரியய்யா வெள்ளைக் கையுறைகூடக் கழற்றவில்லை.

இன்று திரேஸ்க் வெள்ளித் தட்டில் மெழுகுவர்த்தியோடு காத்திருந்தார். பெரியய்யா அவரைக் கடந்து போனார். கரிச்சந்தின் சின்னக் கதவைத் திறந்து, குனிந்து, சட்டியோடு உள்ளே வந்தார். நானும் அவரும் மட்டும். இரண்டு பேருக்கு அங்கே இடம் போதாது. அவருடைய பதக்கங்கள் சுவரில் உரசிக் கரியாயின.

"இங்கேயா இருக்கே?" என்றார். சுற்றிப் பார்த்தார். பார்க்க ஒன்றும் இல்லை.

மண்டி போட்டார். பெரிய கட்டைகளை முதலில் அடுக்கி, அதன்மேல் சுள்ளிகளை வைத்து, எல்லாவற்றுக்கும் மேலே கங்கைக் கொட்டினார். புகைந்தது. அணைந்தது. கலைத்துவிட்டு மறுபடி அடுக்கினார். முன்பு போலவே. மறுபடி அணைந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. மன்னருக்கு நெருப்பு மூட்டச் சொல்லித்தர எனக்கு உத்தரவு இல்லை.

"வேடிக்கை பார்க்காதய்யா. சொல்லேன்."

"சுள்ளி கீழே, பெரியய்யா. கட்டை மேலே. நடுவுல காத்துப் போக வழி விடணும்."

அப்படியே செய்தார். சட்டியில் ஒரே ஒரு கங்கு மிச்சம் இருந்தது. வைத்துவிட்டுக் குனிந்து ஊதினார். சாம்பல் முகத்தில் அடித்தது. இருமினார். அந்த இருமல் மகனுடையதைப் போலவே இருந்தது. இரண்டு பேருமே அதைக் கவனித்தோம். பிறகு மறுபடி ஊதினார்.

பிடித்துக்கொண்டது.

அந்தப் பக்கம் டீச்சரம்மா குழந்தையின் கையைப் பிடித்து ஓட்டின்மேல் வைத்திருக்கிறார் போல. பச்சை ஓட்டைப் பட்பட்டென்று அடிக்கும் சத்தம் கேட்டது. ஓடு சூடாக நேரமாகும். அவளுக்குப் பொறுமையில்லை.

பெரியய்யா மண்டியிட்டபடியே அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்திருக்க நான் கை கொடுத்தேன். பிடித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் திரேஸ்க் ஈரத்துணி கொண்டு ஓடி வந்தார். பெரியய்யா வேண்டாம் என்று கையசைத்துவிட்டு, முகமெல்லாம் கரியோடு குழந்தை அறைக்குள் போனார். ஒட்டிலி அந்த முகத்தைப் பார்த்து வீரிட்டு அழுதாள். நன்றாக, அரண்மனை முழுவதும் கேட்க. யாரும் அடக்கவில்லை.

ஏப்ரல் 15

சின்னய்யா கல்லறைக்கு டீச்சரம்மாவும் நானும் போனோம். கல்லில் வெட்டியிருந்ததை நான் சத்தமாகப் படித்தேன். பெயர், பட்டங்கள், பிறந்த நாள், இறந்த நாள். பட்டங்கள் நீளம். மூச்சு வாங்கியது.

"நல்லாப் படிச்சீங்க" என்றார் டீச்சரம்மா. புல்லில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதோம். பிறகு பன்றி விலை என்ன என்று கேட்டார். சொன்னேன்.

மே 20

வெயில். ஆப்பிள் மரங்கள் பூத்துவிட்டன. அரண்மனையில் எல்லாக் கணப்புகளையும் மூடிவிட்டேன், ஒன்றைத் தவிர.

குழந்தை அறைக் கணப்பைப் பெரியய்யாதான் மூட்டுகிறார். அந்த நாளிலிருந்து தினமும். விடியற்காலையில் பழைய கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு சந்துக்கு வந்துவிடுகிறார். இப்போது ஒரே தடவையில் பிடித்துவிடுகிறது. விறகைக்கூடத் தானே தேர்ந்தெடுக்கிறார். நான் கொண்டுவந்த கட்டை ஈரம் என்று நேற்று என்னைத் திட்டினார். ஈரம்தான்.

உள்ளே வெக்கை தாங்கவில்லை. அவர் மூட்டிவிட்டுப் போனதும் டீச்சரம்மா எழுந்து இரண்டு சன்னல்களையும் விரியத் திறந்துவைக்கிறார். ஒட்டிலி சட்டையில்லாமல் தரையில் ஓடுகிறாள்.

வசந்தம் வந்துவிட்டது என்று அவரிடம் யாரும் இன்னும் சொல்லவில்லை.